ஜாடியைத் தொடாத நாட்கள்

21.4.96, ஞாயிறு

செங்கல்பட்டிலிருந்து நாத்தனார் விஷாகா வந்திருந்தாள். நானே சமைத்தேன், பரிமாறிவிட்டு நானும் தட்டோடு உட்கார்ந்தேன். தயிர் சாதம் வரும்போது மாமியார், "சாவித்ரி, மாவடு எடுத்துண்டு வா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "ஓ" என்றார். அவ்வளவுதான். விஷாகா தட்டைப் பார்த்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

இந்தக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார இடமில்லை என்று மற்றதையெல்லாம் தளர்த்தியாகிவிட்டது. சாமி விளக்கும் ஊறுகாய் ஜாடியும்தான் பாக்கி. அந்த நாட்களில் நான் தொட்டால் வடு பூசணம் பிடிக்குமாம். விளக்கை மாமியாரே ஏற்றிவிடுவார். வடுவை மட்டும் தினமும் என்னைத்தான் எடுத்துவரச் சொல்வார். ஆறு வருஷமாக மாதம் ஒரு முறை, "இந்த மாதமும் உண்டாகவில்லை" என்று எல்லோர் முன்னாலும் நான் சொல்லியாக வேண்டும், வாயைத் திறக்காமலே.

பிறகு மாமியாரே எடுத்து வந்து, மேலேயிருந்து என் தட்டில் இரண்டு வடுவைப் போட்டார். தின்னக் கூடாது என்றுதான் இருந்தேன். தின்றேன். அந்தக் கடுகுக் காரம், கடைசியில் வரும் துவர்ப்பு. அவர் கைக்கு இணை கிடையாது. அதுதான் எரிச்சல்.

19.5.96

கூட்டுறவுக் கடையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வாங்கி, பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வினிகர் வாடை, உப்பு தூக்கல். விரலால் வழித்துத் தின்றேன். யாரும் மேலேயிருந்து போட வேண்டாம்.

2.6.96

டாக்டரம்மா சொல்லி ஒரு வருஷமாகிறது. என்னிடம் குறையில்லை, உங்கள் வீட்டுக்காரரை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்று. இன்று இவரிடம் மறுபடி கேட்டேன். "எனக்கென்ன கேடு?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

16.6.96

"வடு எடுத்துண்டு வா."

எழுந்தேன். போனேன். ஜாடியைத் திறந்து, கரண்டியை விட்டு, நிறைய அள்ளி வந்து பரிமாறினேன். அடிவயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது. மாமியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று வடு தின்றார். "இந்த வருஷம் அமோகமா ஊறியிருக்கு."

24.6.96

ஜாடியை எட்டிப் பார்த்தேன். பூசணம் இல்லை.

30.6.96

மாமியார் என் கையிலிருந்து தண்ணீர் வாளியை வாங்கிக்கொண்டார். "இனிமே கனம் தூக்காதே." அப்போதுதான் புரிந்தது — இந்த மாதம் நான் ஜாடியிலிருந்து ஒதுங்கவே இல்லையே.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக ஒருத்தர் என் வாளியை வாங்குகிறார். ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

14.7.96

மறுபடி அந்த நாள். மறுபடி நானே எடுத்து வந்தேன். "இன்னும் ரெண்டு போட்டுக்கோ, புளிப்பு கேக்கும்" என்றார்.

16.7.96

மாமியார் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று ஸ்டாஃப் பஸ்ஸில் கூட வேலை பார்க்கும் பன்னீர்செல்வம் இவருக்குக் கை கொடுத்தாராம். இவர் லட்டு வாங்கிக் கொடுத்தாராம். பக்கத்தில் படுக்கிறவருக்குத் தெரியாதா?

காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொல்கிறார்: "அம்மா சந்தோஷமா இருக்கா. கொஞ்ச நாள் இருக்கட்டுமே." அப்புறம்? "அப்புறம் கலைஞ்சுடுத்துன்னு சொல்லிக்கலாம்."

அடப்பாவி. டெஸ்டுக்குப் போக மாட்டார். உண்டாகாத பிள்ளையை என் வயித்துல கலைக்க மட்டும் ரெடி. அப்புறம் யாரைப் பாத்து எல்லாரும் உச்சுக் கொட்டுவா? என்னைத்தானே?

இனிமேல் கூடத்தில்தான் என் பாய்.

21.7.96, ஞாயிறு

விஷாகா எனக்கு வளையல் வாங்கி வந்திருந்தாள். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லைம்மா. ரெண்டு மாசமும் தூரமாச்சு. அந்த நாள்லதான் ஜாடியைத் தொட்டேன், எல்லாரும் நன்னாருக்குன்னு தின்னேள். டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னது உங்க பிள்ளையை."

மாமியார் பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் கேட்டார். "எந்தக் கையால தொட்டே?"

ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேண்டா ஓடிவந்து குண்டானை நீட்டிப் பாதியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, நல்லா கீற ஊறுகாய இப்டி கொட்டிகினு கீறாங்க?" காரணத்தைச் சொன்னேன். ஒரு வடுவை வாயில் போட்டுக் கடித்தாள். "எங்க வூட்ல எல்லா நாளும் நான்தாம்மா தொடுறேன். வேற யாரு கீறா?"

3.8.97, ஞாயிறு

இந்த வருஷம் மாமியார் வடு போடவில்லை. மேஜையில் கடை பாட்டில். "யார் தொட்டாளோ, எப்போ தொட்டாளோ, கண்ணுக்குத் தெரியாட்டா தோஷமில்லை" என்று இரண்டு துண்டு போட்டுக்கொண்டார். வாயில் வைக்க முடியவில்லை. என் நாக்கு அந்த மாவடுவுக்கு ஏங்குகிறது, வெட்கமில்லாமல்.

டெஸ்ட் பேச்சை யாரும் எடுப்பதில்லை. என் பாய் இன்னும் கூடத்தில்தான். பாட்டிலை அவரவர் திறந்து அவரவர் எடுத்துக்கொள்கிறோம். யாரும் என்னை எதையும் எடுத்துவரச் சொல்வதில்லை.

எனக்கு எந்த நாள் என்று இப்போது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இவருக்கும்.