வயிற்றுவலிக்கு வைத்த பூசை

அன்புள்ள அம்மாவுக்கு, ஓசூரிலிருந்து விண்ணரசி. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் சூப்பர்வைசர் மேல் கம்பெனியின் புகார்க் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை பார்க்கும்போது பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஸ்டோர் ரூமில் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓடி வந்துவிட்டேன். இப்போது அவரை வேறு ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

குழுவின் தலைவி மேடம் தன்மையாகத்தான் பேசினார். "நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும்கிறது சட்டம்மா. தேதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. ஆனால் ஸ்டோர் ரூமில் அது நடந்த அன்று சாயங்காலம்தான் உங்களைக் கூப்பிட்டு, வயிறு வலிக்கிறது என்று அழுதேன். "அழுவாத தாயி, விடிஞ்சதும் மாதா கோயில்ல ஒனக்குப் பூசைக்கு எழுதிட்டு வாரேன்" என்றீர்கள். அந்தப் போன் உடைந்துபோனதால் கூப்பிட்ட தேதியை அதில் பார்க்கவும் வழியில்லை.

பூசைக்கு எழுதிய ரசீதில் தேதி இருக்கும்; அதற்கு முந்தின நாள்தான் அது நடந்தது. பைபிளுக்குள் வைத்திருப்பீர்கள். திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் ரசீதைப் படம் பிடித்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் இட்லிப்பொடியும் அனுப்புங்கள், இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. வயிற்றுவலி என்று பொய் சொன்னதற்குக் கோபப்படாதீர்கள் அம்மா. நீங்கள் வைத்த பூசை வீண்போகவில்லை.

உங்கள் மகள்,
விண்ணரசி