பூநாரைப் படத்தின் கீழ் ஓரம்

மழை சற்று ஓய்ந்த இன்றைய காலையில் உன் பூநாரைப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறியிருந்தது. பின் அட்டையைக் கழற்றியதும் ஈரத் தோலின் வாடை அறை முழுக்கப் பரவியது. தாராவித் தோல்பைப் பட்டறையில் நீயும் நானும் இருபத்தாறு வருடம் மூச்சாக இழுத்த வாடை.

இதை எழுதுவது நான்தான், நம்பு. நம் சந்துக்குப் பின்னால் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. எட்டு மாதமாகப் போகிறேன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதியதை நானே திரும்பப் படிக்கும்போது சிரிப்பு தானாக வருகிறது. வீட்டில் தமிழ் எழுத்து உள்ள எதையும் விடுவதில்லை. "மொளகாப் பொடி பாக்கெட்டப் படிச்சு முடிச்சாச்சுன்னா இங்க தாங்க, கொழம்பு காத்துக் கெடக்கு" என்கிறாள் உன் மதினி.

நீ படம் வரைந்த தோலைக் கழித்தவனே நான்தான். ஆட்டுத் தோலில் உண்ணி கடித்த தழும்பு ஒன்று. பைக்கு ஆகாது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கினேன். சாயம் பூசுகிற நீ அதை எடுத்துக்கொண்டு போய், மிஞ்சிய சாயத்திலேயே பூநாரை வரைந்தாய். சீத்தா கேம்ப் பக்கம் கழிமுகச் சேற்றில் வந்து நிற்கிற பூநாரைக் கூட்டமெல்லாம் இல்லை. ஒரே ஒரு பறவை, அருகில் இன்னும் நிறம் ஏறாத சாம்பல் குஞ்சு. தண்ணீருக்கு நீ நீலமே வைக்கவில்லை. தோலின் நரம்புக் கோடுகளை அப்படியே விட்டாய், அவை அலையாகிவிட்டன. இறக்கைக்கு அடியில் அடர்ந்த சிவப்பு நெஞ்சுக்கு வரும்போது மெலிந்து, கடைசியில் வெறும் தோலாகவே நிற்கிறது. கண் மட்டும் நீ வரையவில்லை. அது அந்தத் தழும்பு.

"நீங்க வேண்டாம்னு ஒதுக்குன எடத்துலேருந்துதான் அது ஒங்களப் பாக்குது, அண்ணாச்சி" என்றாய்.

வேலையை விட்டுவிட்டுக் கோபர்கைரனேயில் இருக்கும் மகள் வீட்டோடு போகிற வாரம், அதைச் சுருட்டி என்னிடம் கொடுத்தாய். "வீட்டுல போயி நிதானமாப் பாருங்க. கீழ ஒரு வரி எழுதிருக்கேன்." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாய். எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும்? தினமும் டீயோடு பேப்பரை விரித்து உட்கார்ந்தவன் நான். படங்களை மட்டுமே பார்த்தேன்.

வாங்கி வைத்திருந்த பிரேமுக்குத் தோல் நீளம். கீழ் ஓரம் வேறு கோணல். கோணலைக் கண்டால் வெட்டுகிறவன் கை சும்மா இருக்காது. உன் வரி எனக்கு வெறும் கிறுக்கல்தானே. ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. எழுத்துகளின் தலைகள் மட்டும் படத்தில் தங்கின. மீதி கழிவுச் சாக்கில் விழுந்து அன்றைக்கே லாரி ஏறியது.

நான்கு நாள் கழித்துப் பட்டறை வாசலில் வந்து நின்றாய்.

"பாத்தீயளா?"

"பாத்தேம்ல. பிரமாதம்."

"எழுதுனதையும் படிச்சீயளா?"

"படிச்சேன், படிச்சேன். நல்லாருக்கு."

"அவ்வளவுதானா, அண்ணாச்சி?"

"வேற என்னலே வேணும், மாலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். டீ குடிக்காமல் போனாய். அதன் பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் உன் சாவுச் செய்திதான் வந்தது.

போன வாரம் வகுப்பில் கேள்விக்குறி சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த ஓரத்தை விரல் வைத்துப் பார்த்தேன். கடைசியில் இருப்பது அந்தக் கொக்கியின் மேல் வளைவு. நீ என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் நான் நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. முதலாளியின் வழுக்கையிலிருந்து கிரிக்கெட் வரை நாள் முழுக்க வாயடித்தவன், இதை மட்டும் ஏன் தோலில் எழுதினாய்? வாயால் கேட்க முடியாதபடி அப்படி என்ன?

உன் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா எதுவும் சொல்லலயே, பெரியப்பா. ஒங்க போன் வரும்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள். நீ இருந்தவரை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

படத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன். தழும்புக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நானும் கீழே எஞ்சிய தலைகளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கிறேன். முதலில் ஓர் 'அ'வின் சுழி. பிறகு இரண்டு புள்ளிகள், ஒரு மேல் வளைவு. 'அண்ணாச்சி' வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் வரவில்லை.