ஆன்டெனா பிடித்த கை

786
விருதுநகர்
6.2.2007

அன்புள்ள சம்சாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நம் பிள்ளையும் நலம்தானே? வெள்ளிக்கிழமை காரியாபட்டி வரைக்கும் வந்தும் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடிந்ததா? உங்க அத்தா மிளகாய் விலையை விட்டு நகரவில்லை. உங்க அம்மா தட்டில் பணியாரத்தை அடுக்கிக்கொண்டே இருந்தார். போன் செய்யலாமென்றால் அது நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே சீசன் சூடு பிடித்துவிட்டது. கமிஷன் கடையில் மிளகாய் லோடு இறங்கியபடியே இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் தும்மல் நிற்பதில்லை. நல்லவேளை, நம்ம சாட்டிலைட் ரேடியோ இருக்கிறது. இப்போது எம்புட்டுத் தெளிவாகப் பாடுகிறது தெரியுமா? கரகரப்பு இல்லை, விளம்பரம் இல்லை. வருஷச் சந்தா கட்டியது வீண் போகவில்லை.

அம்மா இல்லாத வீடாச்சே, நீயும் பிரசவத்துக்குப் போய்விட்டாயே என்று அருப்புக்கோட்டை மாமி சமைத்துப் போட வந்திருக்கிறார். கூடவே மகள் ருக்சானாவும். ரேடியோவைப் பார்த்து, "மச்சான், பாட்டு நெசமாவே வானத்துல இருந்தா வருது?" என்று வாயைப் பிளந்தாள். ஒரு பாட்டு விடாமல் கேட்டாள்.

பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

உன்
முஹ்சின்

786
காரியாபட்டி
9.2.2007

மச்சானுக்கு சம்சாத் ஸலாம் சொல்லி எழுதுவது.

பிள்ளை சுகம். உங்கள் கடிதம் வரும்வரை நானும் சுகமாகத்தான் இருந்தேன்.

எனக்கு இரண்டு சந்தேகம். மாடி ஆன்டெனாவில் இருந்து அந்தப் பெட்டிக்கு வரும் வயர் நம்ம படுக்கிற ரூமின் கிழக்கு ஜன்னலைத் தாண்டாது. அங்கே வைத்தால்தான் பாடும். அந்த ரூமில் கட்டிலைத் தவிர உட்கார ஒரு முக்காலி கிடையாது. ருக்சானா எங்கே உட்கார்ந்து ஒரு பாட்டு விடாமல் கேட்டாள்?

இரண்டாவது, ஆன்டெனாவை யார் பிடித்தது? பக்கத்து வீட்டுக்காரர் குடோனை உயர்த்தி, சாட்டிலைட் இருக்கிற கிழக்கு வானத்தை மறைத்ததில் இருந்து, மாடி மூலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நான். கீழே கட்டிலில் இருந்து பெட்டியில் சிக்னல் கோட்டைப் பார்த்து, "கோடு ஏறுது, அப்படியே நில்லு!" என்று சத்தம் கொடுப்பது நீங்கள். சூலோடு மொட்டை வெயிலில்கூட நின்றிருக்கிறேன். நான் இங்கே கிடக்கும்போது அது அங்கே எப்படி அம்புட்டுத் தெளிவாகப் பாடுகிறது?

அவளைத்தான் முதலில் உங்களுக்குப் பேசி வைத்திருந்தார்கள். நான் அதை மறக்கவில்லை. நீங்கள் மறந்திருந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
சம்சாத்

786
விருதுநகர்
13.2.2007

அன்புள்ள சம்சாத்துக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். இதுக்குப் போய் இம்புட்டுக் கோபமா? கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. மாமி அடுப்படியில் இருந்தார்.

ஆன்டெனாவை யாரும் பிடிக்கவில்லை. டிவி பைப்போடு சேர்த்து சாக்குக் கயிற்றால் கட்டியாகிவிட்டது. அது ருக்சானா சொன்ன யோசனைதான். "வீடு பூரா கயிறு கிடக்கு, இழுத்து ஒரு கட்டுக் கட்டக் கூடாதா மச்சான்?" என்றாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் உனக்கும் சிரமம் இல்லை பார்.

நேற்று இரண்டு பேரையும் காரில் அருப்புக்கோட்டையில் கொண்டுபோய் விட்டேன். சும்மா பார்ப்போமே என்று ரேடியோவையும் பேட்டரி போட்டு எடுத்துப் போனேன். ஊர் எல்லை தாண்டியதில் இருந்து பாலவநத்தம் வரை நிற்காமல் பாடியது! ஓடுகிற காரில் இது பாடும் என்று யார் கண்டார்கள்?

உன்
முஹ்சின்

786
காரியாபட்டி
17.2.2007

மச்சானுக்கு,

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கையிலும் அதே நினைப்புத்தான்.

ஒரு முழம் கயிறு! சாக்குக்கும் கயிற்றுக்கும் நடுவிலேயே பொழுதைக் கழிக்கும் கமிஷன் கடைக்காரருக்கு அது ஏன் தோன்றவில்லை? கயிறு இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், அதனால்தான். அவள் வந்து ரெண்டு நாளில் அவளுக்குத் தோன்றிவிட்டதாம். கெட்டிக்காரிதான், கட்டிக்கொண்டிருக்கலாமே.

காரில் அது எப்படிப் பாடும் என்பதும் எனக்குத் தெரியும். வண்டி கிழக்குப் பார்த்து ஓட வேண்டும். முன்சீட்டில் இருப்பவர் ஆன்டெனாவைக் கண்ணாடியோடு சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமிக்கு முட்டுவலி. பின்சீட்டில் காலை நீட்டாமல் அவரால் உட்கார முடியாது. அப்படியானால் முன்னால் உட்கார்ந்தது யார்?

சிவகாசிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரேடியோவை எடுத்துக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறேன். "மேற்க போறோம், பாடாது, சும்மா வா" என்பீர்கள். கிழக்கே போகிற ரோட்டில் என்னை ஒரு நாளாவது அப்படிக் கூட்டிக்கொண்டு போனீர்களா? போயிருக்க மாட்டீக. அதெல்லாம் அருப்புக்கோட்டைக்காரிக்குத்தான்.

இந்த வெள்ளிக்கிழமை வர வேண்டாம். பிள்ளை தூங்கும்.

சம்சாத்

786
விருதுநகர்
22.2.2007

சம்சாத்,

வர வேண்டாம் என்று எழுதிவிட்டாய். பிள்ளையைக்கூடப் பார்க்க விடமாட்டாயா?

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முன்சீட்டில் இருந்தது ருக்சானாதான். ஆன்டெனாவைப் பிடித்ததும் அவள்தான். மனதில் தப்பு இல்லை, அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. ஒரு பாட்டை முடியும் வரைக்கும் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "நல்லாருக்குல்ல மச்சான்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

நீ ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருக்கிறாயா? எத்தனை நல்ல பாட்டு வந்திருக்கிறது, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நீ இருக்க மாட்டாய். பிறகு, "கேட்டியா, எப்படி இருந்துச்சு?" என்றால் "ம்" என்பாய். உனக்குப் பாட்டே பிடிக்காது போல என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுவும் என் குற்றமா?

முஹ்சின்

786
காரியாபட்டி
26.2.2007

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அழுதது யாருக்கும் தெரியாது.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இருக்க மாட்டேனாமே. நான் எங்கே இருந்தேன் மச்சான்? உங்கள் தலைக்கு மேலே இருந்தேன். நீங்கள் கேட்ட ஒவ்வொரு பாட்டும் நான் மாடியில் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டு. தெருவில் பால்காரர் மணியும், குடோனில் மூடை போடுகிற சத்தமும்தான் என் காதில் விழும். பாட்டில் ஒரு அடிகூட எனக்குக் கேட்டதில்லை. "எப்படி இருந்துச்சு" என்றால் "ம்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வேன்?

நானும் கேட்போமே என்று ஒரு தடவை கீழே இறங்கி வந்தேன். நான் இறங்கியதும் பாட்டு நின்றுவிட்டது. "ஏன் இறங்குன?" என்று கத்தினீர்கள். மறுபடியும் ஏறிப் போய் நின்றேன்.

நீங்கள் பாட்டுக் கேட்டால் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. அவள் பார்த்துவிட்டாள். கட்டிலைவிட, காரைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வருவேன். அதற்குள் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நான் வருகிற அன்று நீங்கள் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நானும் பிள்ளையும் கட்டிலில் படுத்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்போம். அது முடிந்த பிறகுதான், கொண்டுவந்த பெட்டியைத் திறந்து சேலையை பீரோவில் வைப்பதா, அப்படியே தூக்கிக்கொண்டு காரியாபட்டி பஸ் ஏறுவதா என்று சொல்வேன்.

சம்சாத்

786
விருதுநகர்
4.3.2007

என் சம்சாத்துக்கு,

கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மறுபடியும் சமைத்துப் போட வரட்டுமா என்று கேட்ட மாமியிடம் இனி வர வேண்டாம், ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். என் பொண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார்.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, ஆன்டெனாவோடு மாடி மூலைக்குப் போனேன். நீ நிற்கிற இடம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. குடோனில் மூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோடு ஏறியதா என்று கீழே இருந்து சொல்ல ஆள் இல்லை. கை கடுக்கும் வரை நின்றேன். பாடியதா பாடவில்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கார் கொண்டுவருகிறேன். நீ முன்சீட்டில் உட்கார். கட்டிலில் உனக்கும் பிள்ளைக்கும் விரித்து வைத்திருக்கிறேன். போய்ப் படுத்துக்கொண்டு, "கோடு ஏறுது, அப்படியே நில்லுங்க" என்று ஒரு சத்தம் மட்டும் கொடு.

நீ இறங்கு என்று சொல்லும்வரை நிற்பேன்.

உன்
முஹ்சின்