உன் பேரில் பார்த்த வேலை

பூஞ்சேரி

துர்கு குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சியும் இருக்கிறோம், ஓசூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நல்லபடியாக இருக்கணும் என்று எல்லையம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பா போட்டோவுக்கு நீ அனுப்பிய சந்தன மாலையைப் போட்டாச்சு. அவர் வேன் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, விற்கவும் மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

அப்பா போன துக்கத்தில் கோபிகா பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும், வேலைக்குப் போகிறேன் என்று நின்றாள் இல்லையா, துணிக்கடைக்குப் போகிறாள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் துணி துவைக்கிற இடத்துக்குத்தான் அனுப்பினேன். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு யாருமே வேலை தரக்கூடாது, தந்தால் போலீஸ் என்று பஸ்ஸில் யாரோ பேசியதை நம்பி, பீரோவில் இருந்த உன் ஆதார் ஜெராக்ஸை அவளிடம் கொடுத்துவிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதானே. அங்கே அவள்தான் துர்காதேவி. சூப்பர்வைசர் ஷ்யாம் அதைப் பார்த்துட்டு, இன்னாம்மா இருபத்திநாலு வயசா, வூட்ல சோறு போடறதில்லியா, இப்படிக் கீது பொண்ணு என்று சிரித்தான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் கூடச் சிரித்தேன் துர்கு.

பெரியவள் என்று காட்டியதால் பெரியவங்க வேலைதான் கொடுத்தார்கள். ராத்திரி ஷிப்ட், படுக்கை விரிப்பைச் சூட்டில் அழுத்தித் தேய்க்கிற உருளை மெஷின். போன வாரம் விரிப்போடு கையும் உள்ளே போய்விட்டது. பதறாதே, புண் ஆறிக்கொண்டு வருகிறது, விரல் எல்லாம் மடங்குகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் உன் பேர்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் தொழிலாளர் ஆபீசிலிருந்து எங்களைச் செங்கல்பட்டுக்கு வரச் சொன்னார்கள். ஷபானா என்று ஒரு மேடம். உன் பேர் என்னம்மா என்று கேட்டதும், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கோபிகா, துர்காதேவி என்றாள். நான்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, இவ கோபிகா மேடம், துர்கா பெரியவ என்றேன். அவங்க திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஏம்மா, பதினாலு தாண்டின பிள்ளை தன் பேர்லயே வேலைக்குப் போலாமே, வயசுக்குச் சான்று காட்டினாப் போதும், ஆபத்தான மெஷின்கிட்ட விடக் கூடாது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நிறுத்தக் கூடாது, மூணு மணி நேரம் பார்த்தா ஒரு மணி நேரம் ஓய்வு தரணும், இதெல்லாம் இவளுக்கு ஒரு வேலி மாதிரி, அதை நீங்களே பிடுங்கிட்டீங்களே என்றார்கள். உள்ள வயசைச் சொல்லியிருந்தால் அந்த மெஷின் பக்கம் அவளை விட்டிருக்கவே கூடாதாம். பொய்யே தேவைப்படவில்லை, பார்த்தாயா.

ஓட்டல் மேல் கேஸ் போடுகிறார்கள், என்னிடமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உன் பேரில் இங்கேயும் பி.எப். பிடித்திருக்கிறார்கள், உன் கம்பெனியில் கேட்டால் மூடி மறைக்காதே, எங்க அம்மா செஞ்சது என்று சொல்லிவிடு, எனக்காகப் பார்க்காதே.

திருவேங்கடம் மாமா தன் சங்குக் கடையில் பகலில் மட்டும், முறைப்படி வைத்துக்கொள்கிறேன், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் போகட்டும் என்கிறார். நான் போய்ப் பேசிவிடட்டுமா என்று இவளைக் கேட்டேன். இந்த வாட்டி யார் பேர்லம்மா என்றாள். அவள் பிறப்புச் சான்றிதழை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் தங்கச்சியிடம் பேசு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசு, மறந்துவிடாதே. கை மாட்டி அவள் அலறினபோது, துர்கா, ஒண்ணும் இல்ல துர்கா என்றுதான் எல்லாரும் தேற்றினார்களாம். அந்த நேரத்தில் கோபிகா என்று அவளைக் கூப்பிட அங்கே யார் இருந்தார்கள் கண்ணு?

உன் முகம் பார்க்கக் கூசும் அம்மா,
தெய்வநாயகி