ஆரணியைக் கதைக்கச் சொன்ன வீடுகள்

சனி, 4 ஜனவரி 1997

கா. 8.30. இப்போதே வெயில் சுடுகிறது. பக்கத்து வீட்டு அலன், பென்ஷன் எடுத்த மனுஷன், காரில் கொளுவி இழுக்கிற தன் கரவானை, படுக்கையும் அடுப்புமுள்ள வண்டியை, ஆறு நாளைக்குத் தந்திருக்கிறார். ஏற்றியவை: அரிசி, கறித்தூள், பானை, ரைஸ் குக்கர், குமணனின் நப்பி (மூன்று வயது முடிந்தும்!), வாளி, பிளாஸ்டிக் மண்வெட்டி. மறந்தது: நாலு பேருக்கும் துவாய்.

திட்டம்: ஒக்லண்டிலிருந்து வடக்கே, கடற்கரை கடற்கரையாகக் காம்ப்பில் கரவானை நிறுத்தி. இவருக்குப் பகல் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இரண்டு வருஷமாகப் பிள்ளைகளை வாசலில் வைத்துக் கைமாற்றுகிற சீவியம். ஆறு நாளாவது நாலு பேரும் ஒன்றாக.

வழி முழுக்க ஆரணிக்கு வாய் ஓயவில்லை. ஒரு வளைவில் கரவான் கதவு தானாகத் திறந்து, பானை றோட்டில் உருண்டது. "அம்மா, அம்மா, பானை எங்களை விட்டிட்டு வீட்டை போகுது!" ஆறு வயது. பள்ளிக்கூடம் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் என்னோடு தமிழ்தான். எங்களுக்குத் தெரிந்த வேறு எந்த வீட்டிலும் இல்லை இது. வேலை முடித்து வந்து, கண் எரிய எரிய அவளோடு கதைத்துக் கதைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். இவர் அதை நாலு பேருக்குக் காட்டப் பார்க்கிறார். எனக்கு அதுதான் பயம்.

பி.ப. 5. கடற்கரை இல்லை. வங்கரேயில் ஒரு டொக்டர் வீட்டு ட்றைவேயில் நிற்கிறோம். "தெரிஞ்ச ஆக்கள் இருக்கேக்கை காம்ப்பிலை நிண்டா என்ன நினைப்பினம்?" என்கிறார். சட்டைப் பையில் லிஸ்ட். நாலு வீடு! எனக்கு ஒரு சொல் சொல்லாமல் நாலு பேருக்கும் போன் எடுத்து முடிந்தது. கோதாரி.

சாப்பாடு முடிய, "என்ரை மகள் தேவாரம் பாடுவாள்." பாடினாள். கைதட்டினார்கள். முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு, 5 ஜனவரி

காற்று. காலையில் டொக்டரின் மனைவியோடு நின்று முப்பது தோசை சுட்டேன். விடுமுறையாம்.

பகல் கெரிகெரி. இரண்டாவது வீடு. எஞ்சினியர். புது வீடியோ கமரா வைத்திருக்கிறார். கையை விட்டு இறக்க மனமில்லை. "பிள்ளை, இதைப் பாத்துத் தமிழிலை ஏதும் சொல்லுங்கோ பாப்பம். டொரன்டோவிலை அண்ணைக்கு அனுப்பப் போறன்." ஆரணி பானை உருண்ட கதையைச் சொன்னாள். கை காலெல்லாம் ஆட்டி, அப்படி ஒரு சந்தோஷமாக. எல்லாரும் சிரித்தார்கள். பானைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு அந்த மனுஷன் அதை டிவியில் போட்டார். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, திரும்பப் போட்டார். "வெள்ளைக்காரி தமிழ் கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" அவள் குரலில் கதைத்துக் காட்டினார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ குஞ்சு!" இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஆரணி டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எழுதவே கை கூசுகிறது. சபையில் எல்லாரும் சிரிக்க என் பல்லும் இளித்தது. சீ.

திங்கள், 6 ஜனவரி

வெயில். ஆரணி காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தொண்டை பார்த்தேன், சிவப்பு இல்லை. பால் வேணுமா என்றால் தலையாட்டு. குமணனோடு விளையாடுகிறாள், சத்தமில்லாமல்.

கய்டாயா. மூன்றாவது வீடு. கணக்காளர். கோழிக்கறி, நண்டுக்கறி, முட்டைப் பொரியல். பிறகு, வேறென்ன, "ஆரணி, எழும்பு, பாடு." நடு ஹோலில் நிற்கிறாள், கையிரண்டையும் கும்பிட்டபடி. உதடு ஒட்டிக் கிடக்கிறது. "வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?" என்று இவர் அதட்டினார். கண்ணில் நீர் முட்டுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. கணக்காளரின் மனைவி ஆறுதலாம்: "விடுங்கோ அண்ணை. இஞ்சை பிறந்ததுகள் இப்பிடித்தான். தமிழ் வராது."

எனக்குக் கொதி உச்சிக்கு ஏறிவிட்டது. "என்ரை பிள்ளைக்குத் தமிழ் நல்லா வரும். உங்களுக்கு முன்னாலை நிண்டு கூத்தாடத்தான் வராது!" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரவானுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாப்பிட்ட வீட்டில் சொல்லக்கூடாதுதான். சொன்னேன். திரும்பவும் சொல்வேன்.

செவ்வாய், 7 ஜனவரி

காரில் சண்டை. பிள்ளைகள் பின்னால் இருக்க.

"ஏன் என்ரை மானத்தை வாங்கினனீ?"

"உங்கடை மானம் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

"சின்னப்பிள்ளையப்பா. ரெண்டு நாளிலை மறந்திடும்."

"ஓம், மறந்திடும். தமிழை."

நாலாவது வீட்டுக்குப் பெட்டிக்கடைப் போனிலிருந்து நானே எடுத்து, வரமாட்டோம் என்றேன். "ஏன் பிள்ளை, சுகமில்லையோ?" ஓம், சுகமில்லை.

கடைசியில் ஒரு கடற்கரைக் காம்ப். நாலு பேரும், கடலும். நினைத்தபடியே எல்லாம். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூண்டிலோடு ஒரு பாறையில். ஆரணி குழி தோண்டுகிறாள். பக்கத்தில் இருந்து நானே கதைத்தேன், நண்டைப் பற்றி, அலையைப் பற்றி, பானையைப் பற்றிக்கூட. விசரி, பானையை ஏன் எடுத்தேன்? மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

படுக்கும்போது கேட்டேன். "அம்மாவிலை கோவமே செல்லம்? அம்மா சிரிச்சது பிழை." சுவர்ப் பக்கம் திரும்பினாள். யாரைக் கொல்லலாம் போல இருக்கிறது என்று தெரியவில்லை. கமராக்காரனையா, இவரையா, என்னையா.

புதன், 8 ஜனவரி

மழை. கரவான் ஒழுகுகிறது. பாண், ஜாம். குமணன் சாப்பிட்டதையெல்லாம் இரண்டு தரம் சத்தி எடுத்தான். இவர் சமாதானத்துக்கு ஆரணிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "நல்லா இருக்கோ?" தலையாட்டு. இவருக்கும் இப்போது பயம் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்ள மாட்டார். தெற்கே திரும்பினோம்.

வியாழன், 9 ஜனவரி

பிளாக்ஹவுஸ் பே, எங்கள் வீடு. பகல் 12. வானம் வெளித்திருக்கிறது. உடுப்பு நாலு கூடை.

கரவானைக் கழுவிக்கொண்டிருந்தேன். அலன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பயணம் எப்படி என்று கேட்டார். என்னை அல்ல, ஆரணியை.

ஆரணி வாய் திறந்தாள்.

கதவு திறந்தது, பானை உருண்டது, நண்டு, மழை, தம்பி சத்தி எடுத்தது. மூச்சு விடாமல், கை காலெல்லாம் ஆட்டி. முழுக்க இங்கிலிஷ். அலன் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரித்தார். என் கையில் ஹோஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவர் வாசலுக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியே, வாய் திறந்திட்டாள்! என்ன வடிவா இங்கிலிஷ் கதைக்கிறாள் பார்!" ஹோஸை இவர் முகத்துக்குத் திருப்பினால் என்ன என்று வந்தது. திருப்பவில்லை.

கதை முடிந்தது. ஆரணி என்னிடம் ஓடி வந்து ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாலு நாளுக்குப் பிறகு எனக்கென்று ஒரு சொல்.

"மம்," என்றாள். "ஐம் ஹங்ரி."