இழுப்பறையில் கிடந்த இரும்புப் பட்டை

அன்பு மகன் மைரனுக்கு அப்பா எழுதுவது. வான்கூவரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவை வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டேன். இரண்டு காலிலும் முழங்காலிலிருந்து பாதம் வரை கட்டு. பழையபடி நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டரம்மா பார்க்கலாம் என்றார். இங்கே டாஃபினில் இன்னும் பனி உருகவில்லை, மாதா கோவில் ஆட்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், எனக்குத்தான் இறங்கவில்லை.

போனில் நீ, "அடுப்ப ஒழுங்கா மாட்டாமப் போன அந்த ஆள சும்மா விடமாட்டேன், கடைக்குப் புகார் எழுதப் போறேன்" என்று கத்தினாய். நான் உம் கொட்டினேன். அந்த உம் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. புகார் எழுதாதே. நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டு. நீ அனுப்பிய மின் அடுப்பை மாட்ட வந்த ஆள் பெயர் கோரி. மெயினை அணைத்தான், நாலு கம்பி பிளக்கா என்று பார்த்தான், எர்த் கம்பியை இழுத்துச் சோதித்தான். குறை கண்டுபிடிக்கவே பின்னால் நின்றேன், ஒன்றும் அகப்படவில்லை, அதுவே எரிச்சல். கடைசியில் ஓர் இரும்புப் பட்டையை எடுத்து, "ஐயா, இத தரையில திருகி அடுப்போட பின்கால இதுக்குள்ள மாட்டிட்டா, ஓவன் கதவக் கீழ சாய்ச்சுத் திறந்து அதுமேல பாரம் வச்சாலும் முன்னால கவிழாது" என்றான். "முப்பத்தெட்டு வருஷம் கரண்ட் வேல பாத்தவனுக்கே பாடமா? வச்சிட்டுப் போய்யா" என்று விரட்டி, பட்டை வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஏன் தெரியுமா? முந்தின வாரம் நீ, "அப்பா, உங்க கை நடுங்குது, எதையும் தொடாதீங்க, ஆள் சொல்லியிருக்கேன்" என்றாயே, அது தைத்துவிட்டது. ஆள் சொன்ன நீயே வந்து மாட்டிக்கொள் என்று பட்டையை அடுப்பின் கீழ் இழுப்பறையில் போட்டு மூடினேன். சின்னப்புத்தி, வேறென்ன.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பழைய அடுப்பை நான் தரையோடு முடுக்கி வைத்திருந்தேன், அதன் ஓவன் கதவைக் கீழே சாய்த்துத் திறந்து, அதன்மேல்தான் முப்பது வருஷமாகக் கோஸ் இலையில் சுருட்டிய உருண்டைத் தட்டை இறக்கி வைப்பாள். கோவில் விருந்துக்காகப் புது அடுப்பிலும் அப்படியே வைத்தாள். மேலே பீட்ரூட் சூப் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு அப்படியே முன்னால் சாய, சூப் முழுதும் அவள் காலில். ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "மைரன்கிட்ட சொல்லிடாதீங்க, ஏற்கெனவே உங்க ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் வீட்டு அடுப்பையும் நகர்த்திப் பின்னால் பட்டை இருக்கிறதா என்று இன்றே பார். உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். முடிந்தால் ஈஸ்டருக்கு வா, எனக்காக இல்லை, அவளுக்காக. நேற்று அந்தப் பட்டையை எடுத்து நானே மாட்டினேன். திருகாணி மூன்று முறை கீழே விழுந்தது, நீ சொன்னது சரிதான், கை நடுங்குகிறது. ஆனாலும் பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா ஓரெஸ்ட்