அக்கா கட்டாத மூட்டை

விடுதி
ஜூலை 9, 1979

அன்பு அக்காவுக்கு,

எனக்குத் தலைவலி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. பசி மட்டும் எப்போதும் இருக்கிறது. விடுதிக்குப் பின்னால் உள்ள குன்றில் கற்கள் பொறுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். வார்டன் எல்லாவற்றையும் வாரி வீசிவிட்டார். "ஏன்டி, படிக்க வந்தியா, வீடு கட்ட வந்தியா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கல்லில் ஒன்று ஏன் கையிலேயே உதிர்கிறது என்று கேட்டதற்கும் திட்டுதான் விழுந்தது. அடுத்த சட்டை தைக்கும்போது பெரிய பையாக வை. அப்பாவிடம் நான் அழுததைச் சொல்லாதே.

உன் வாலு

---

வீடு
மார்ச் 3, 1996

அடி வாலு,

கல்லையும் மண்ணையும் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாலும் எனக்கு நீ வாலுதான். நம் மேட்டுத் தெருவுக்குப் பின்னால் மலைச்சரிவில் கம்பிகள் நட்டுவிட்டுப் போனாயே, தெருவே என்னைப் பிடுங்குகிறது. "உன் தங்கச்சி மலைக்கு ஊசி போட்டாளாமே, காய்ச்சல் குறைஞ்சுதா?" என்கிறார் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர். விடுவேனா நான்? "மலை நகருதான்னு பார்க்குறா. உங்க தராசை விட அவ கம்பி நேரா நிக்கும்" என்றேன். கடைக்குள் போய்விட்டார்.

கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எடுக்கவில்லை, பார்த்துக்கொள்.

அக்கா

---

தலைநகர்
நவம்பர் 20, 2003

அன்பு அக்காவுக்கு,

நம் மலைச்சரிவு மெல்ல நகர்கிறது என்று அறிக்கை கொடுத்தேன் அல்லவா? இன்று அமைச்சர் அலுவலகத்துக்குப் போனேன். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த அறிக்கையைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேர்தலில் நிற்கப் போகிறேன். திட்டுவதாக இருந்தால் ஓட்டுப் போட்டுவிட்டுத் திட்டு.

உன் வாலு

---

வீடு
ஆகஸ்ட் 2, 2021

பிரதமர் அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தை அச்சடித்த கடிதம் வந்தது. "அன்பார்ந்த குடும்பத் தலைவருக்கு, பெருமழை தொடங்குமுன் வீட்டைக் காலி செய்யவும்." மளிகைக்கடைக்காரருக்கும் அதே கடிதம். ஏன்டி, நானும் அவரும் உனக்கு ஒன்றா? வந்த கோபத்தில், நான் போக மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டேன். இப்போது தெருவில் ஒருவரும் அசையவில்லை. "பிரதமரோட அக்காவே உட்கார்ந்திருக்கா, நமக்கென்ன?" என்கிறார்கள். எங்களைக் கிளப்பிவிட்டு மலையைச் சுரங்கத்துக்குக் கொடுக்கப் போகிறாய் என்றும் பேச்சு.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். இதைப் பிரதமர் சொல்கிறாளா, மலையை அளந்தவள் சொல்கிறாளா?

அக்கா

---

தலைநகர்
ஆகஸ்ட் 6, 2021

அக்கா,

அளந்தவள் சொல்கிறேன். சரிவின் உச்சியில் இருக்கும் வெடிப்பில் போன மாதம் கைதான் நுழைந்தது. இப்போது ஆளே இறங்கலாம். நேற்று நானே இறங்கினேன், காவலர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அவ்வளவு பக்கம் வந்தும் உன்னைப் பார்க்காமல் போனேன். பார்த்திருந்தால் காலில் விழுந்து கெஞ்சியிருப்பேன், அதையும் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள்.

எப்போது சரியும் என்று எனக்குத் தெரியாது. சரியாமலும் போகலாம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல மாட்டேன். "மலை விழலைன்னா நம்ம ஆட்சி விழுந்துடும்" என்கிறார்கள் கட்சியில். விழட்டும்.

நீ கிளம்பாதவரை அந்தத் தெருவும் கிளம்பாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கிளம்பு.

உன் வாலு

---

முகாம்
ஏப்ரல் 18, 2022

அடி வாலு,

உன் கடிதத்தைப் பார்த்து நான் கிளம்பியதும் தெருவே என் பின்னால் முகாமுக்கு வந்தது. மழை வந்தது, போனது. மலை அப்படியே நிற்கிறது. உன் பதவிதான் போய்விட்டது. செய்தியைக் கேட்டுச் சோறு இறங்கவில்லை எனக்கு. முகாமில் உன்னைத் திட்டாத வாய் இல்லை. மளிகைக்கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே, "உன் தங்கச்சி பேச்சைக் கேட்டு நடுத்தெருவுல நிக்கிறோம்" என்கிறார். புதிய அரசு, எல்லோரும் வீடு திரும்பலாம் என்று அறிவித்துவிட்டது. நேற்று ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள்.

நான் கட்டவில்லை. தையல் மிஷினை முகாம் வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன். "வெடிப்பு மூடிடுச்சான்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா? அவ வந்து அளக்கட்டும். போகலாம்னு சொன்னா நான்தான் முதல்ல போவேன்" என்றேன். மளிகைக்கடைக்காரர் என்னென்னவோ முணுமுணுத்தார். பிறகு மூட்டையைப் பிரித்து, அடுப்பை வெளியே எடுத்துப் பற்றவைத்தார்.

இப்போதுதான் உனக்கு வேறு வேலை இல்லையே. அடுத்த மழைக்குள் வந்து சேர்.

அக்கா